உப்புக் கரைசலுக்குக் கண்ணளவு ஆகாது!

“கொஞ்சம் உப்பு கூடிப் போச்சு டாக்டர்... அதனால என்ன ஆயிடப் போகுது?”

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களில் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாம்பாரில் உப்பு கூடினால் ஒரு உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டுச் சரிசெய்கிற கை அது. கண்ணளவிலேயே பத்துப் பேருக்கு ரசம் வைக்கிற கை. அந்தக் கைப்பக்குவத்துக்கு நானும் கும்பிடு போடுகிறவன்தான். ஆனால் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்கும்போது மட்டும் கண்ணளவை அடுப்படியிலேயே விட்டுவிட வேண்டும். ஏன் என்று கேட்டால், தண்ணீருக்குள் ஒரு பொருள் கரையும்போது என்ன நடக்கிறது என்பதில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

உப்பு கரைந்ததும் தண்ணீரின் ருசி மாறுகிறது என்பது மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. உண்மையில் அதன் குணமே மாறிவிடுகிறது. சாதாரணத் தண்ணீர் 0 டிகிரியில் உறையும். கடல் தண்ணீர் ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரிக்குப் போனால்தான் உறையும். குல்ஃபி வண்டிக்காரர் பானைக்குள் ஐஸோடு கல்லுப்பை அள்ளிப் போடுகிறாரே, எதற்கு? உப்பு சேர்ந்த ஐஸ் மைனஸ் 20 டிகிரி வரைக்கும் குளிர்ந்து போகும். அந்தக் குளிரில்தான் பால் கட்டியாகிறது. உறைவது தள்ளிப்போவது போலவே, கொதிப்பதும் தள்ளிப்போகும். சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம் வந்துவிட்டது என்றால், அந்தப் பாகின் சூடு 105 டிகிரியைத் தாண்டியிருக்கும் என்று அர்த்தம். வெந்நீர் பட்ட புண்ணைவிடப் பாகு பட்ட புண் மோசமாக இருப்பதற்கு அதன் ஒட்டும் தன்மையோடு இந்தச் சூடும் ஒரு காரணம்.

(சில பேர், ‘உப்பு போட்டால் தண்ணீர் சூடு ஏறி அரிசி சீக்கிரம் வேகும்’ என்று சொல்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு போட்டால் கொதிநிலை கால் டிகிரிகூட ஏறாது. ருசிக்குப் போடுங்கள், போதும்!)

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இந்த மாற்றங்களுக்கெல்லாம், என்ன பொருள் கரைந்தது என்பது முக்கியமில்லை. எத்தனை துகள்கள் கரைந்தன என்பதுதான் கணக்கு. பிரான்ஸ் நாட்டு ரவூல் 1880-களில் உறைநிலையை அளந்து அளந்து இதைக் கண்டுபிடித்தார். அதைத் தொடர்ந்து ஆராய்ந்த ஹாலந்து நாட்டு வான்ட் ஹாஃப்புக்கு 1901-ல், வேதியியலுக்கான முதல் நோபல் பரிசே கிடைத்தது.

இப்போது ஒரு கிராம் உப்பையும் ஒரு கிராம் சர்க்கரையையும் எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஒன்றுதான். ஆனால் சர்க்கரையின் மூலக்கூறு பெரியது, உப்பினுடையது சின்னது. அது மட்டுமில்லை, தண்ணீரில் விழுந்ததும் உப்பு சோடியம், குளோரைடு என்று இரண்டாக உடைந்துவிடும். ஆக, ஒரு கிராம் உப்பு தண்ணீருக்குள் விடுகிற துகள்கள், ஒரு கிராம் சர்க்கரை விடுகிறதைப் போல ஏறத்தாழ 12 மடங்கு! சர்க்கரை அரை ஸ்பூன் கூடினால் பெரிய வித்தியாசம் இல்லை. உப்பு அரை ஸ்பூன் கூடினால் கதையே வேறு. “கொஞ்சம் கூடிப் போச்சு” என்பதற்கு நான் ஏன் பதறுகிறேன் என்று இப்போது புரிகிறதா?

துகள்கள் கூடினால் உடம்புக்கு என்ன? சவ்வூடு பரவல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மெல்லிய சவ்வு ஒன்றின் இரண்டு பக்கமும் கரைசல் இருந்தால், துகள் குறைந்த பக்கத்தில் இருந்து துகள் நிறைந்த பக்கத்துக்குத் தண்ணீர் ஓடும். வெட்டிய மாங்காயில் உப்பைத் தூவி ஜாடியில் போட்டு வைக்கிறீர்கள். மறுநாள் தண்ணீர் விட்டுக் கிடக்கிறது. நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அத்தனையும் மாங்காய்க்குள் இருந்து உப்பு இழுத்த தண்ணீர். குடலின் சவ்விலும் இதேதான் நடக்கிறது. நம் இரத்தத்தின் துகள் கணக்கு 285-ல் இருந்து 295 மில்லி ஆஸ்மால் வரை. குடிக்கிற கரைசல் அதற்கு ஒட்டியோ கொஞ்சம் கீழேயோ இருந்தால் தண்ணீர் உடம்புக்குள் போகும். ரொம்ப மேலே போனால், உடம்புத் தண்ணீரைக் குடல் பக்கம் இழுத்துப் பேதியை இன்னும் அதிகமாக்கும்.

டிரிப் பாட்டிலைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. “ஒடம்பு அசதியா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க” என்று கேட்கிறவர்கள் நம் ஊரில் அதிகம். அந்தக் குளுக்கோஸ் சத்துக்காக மட்டும் அதில் இல்லை. வெறும் தண்ணீரை நரம்பில் ஏற்றினால், தண்ணீர் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவை வெடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் துகள் கணக்கைச் சரிக்கட்டி, லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸோ 9 கிராம் உப்போ சேர்க்கிறார்கள். அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரைதான். வாயால் சாப்பிட முடிகிறவருக்கு ரெண்டு இட்லி போதும்!

இந்தக் கணக்கு இங்கிலீஷ் வைத்தியத்துக்கு மட்டும் சொந்தமானது என்று நினைத்துவிடாதீர்கள். பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில், குணபாடம் வகுப்பில் மருந்துகளின் ஆயுட்காலத்தை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். குடிநீர் என்கிற கஷாயத்துக்கும் சாற்றுக்கும் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம்தான் ஆயுள். அதே சாற்றில் சர்க்கரை சேர்த்துப் பாகு பதத்தில் காய்ச்சி மணப்பாகு ஆக்கினால் 6 மாதம். தேனில் ஊறப் போட்டுத் தேனூறல் ஆக்கினால் ஒரு வருடம். மூலிகை ஒன்றுதான், காலம் மட்டும் எப்படி இப்படி நீள்கிறது? கரைந்திருக்கிற சர்க்கரை, உள்ளே விழுகிற கிருமியின் உடம்பில் இருந்து தண்ணீரை இழுத்துவிடுகிறது. மாங்காய்க்கு நடந்ததுதான் கிருமிக்கும். துகள், சவ்வு என்ற பேச்செல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே, நம் முன்னோர் பதம் பார்த்தும் காலம் பார்த்தும் இதை வகுத்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் நான் ஆடாதோடை மணப்பாகு கொடுத்து அனுப்பும்போது, “கெட்டியா இருக்குன்னு பாட்டில்ல தண்ணி ஊத்திடாதீங்கம்மா, ஸ்பூன்ல எடுத்த பிறகு கலந்துக்குங்க” என்று கறாராகச் சொல்வேன். பாட்டிலில் தண்ணீர் கலந்த அன்றைக்கே 6 மாதக் கணக்கு முடிந்தது. நாலு நாளில் புளித்து நுரைத்துவிடும்.

தேனைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் துறை நண்பர்கள் சிலருக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். தேனில் கிருமி வளராது என்பது சரி. ஆனால் கிளாஸ்ட்ரிடியம் என்ற ஒரு வகைக் கிருமியின் விதைகள் தேனுக்குள் சாகாமல் தூங்கிக்கொண்டு இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அதனால் தொல்லை இல்லை. ஒரு வயது முடியாத குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சைக் கக்கலாம். தசைகள் தளர்ந்து மூச்சுக்கே ஆபத்து வரலாம். ஆகவே, ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம். சேனை வைக்கிற சடங்கிலும் சரி, மருந்துக்கு அனுபானமாகவும் சரி. தாய்ப்பாலே போதுமான அனுபானம்.

சரி, வயிற்றுப்போக்குக்கு வருவோம்.

பேதியாகிற குழந்தைக்கு இரண்டு வேலை இருக்கிறது. பேதியைக் கட்டுவது ஒன்று. போன தண்ணீரையும் உப்பையும் திருப்பி உள்ளே சேர்ப்பது இன்னொன்று. நம் வீடுகளில் முதல் வேலைக்குத்தான் அவசரம். மாதுளை ஓட்டுக் கஷாயம், வசம்பு, ஜாதிக்காய் இழைத்தது என்று தேடி ஓடுகிறோம். துவர்ப்பு மருந்துகளை நானும் தருகிறேன். ஆனால் குழந்தையின் உயிரை எடுப்பது பேதி அல்ல, வறட்சி. வறட்சிக்கு முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். இதைச் சித்த வைத்தியன் சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சித்த வைத்தியன்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. “அது இங்கிலீஷ் மருந்து, நம்ம கஷாயமே போதும்” என்று சொல்லி அனுப்புகிற வைத்தியர்கள் இன்றைக்கும் அங்கங்கே இருக்கிறார்கள். உப்பும் குளுக்கோஸும் என்றைக்கு இங்கிலீஷ் மருந்து ஆயிற்று?

1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் முகாமில், மேற்கு வங்கத்து பன்காவ் என்ற ஊரில், காலரா கொத்துக் கொத்தாக உயிர் குடித்தது. டிரிப் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்ன செய்தார்? லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று அளந்து பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்த் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளுக்கு வாயால் கொடுக்க வைத்தார். கூட இருந்த உறவினர்களே ஊட்டினார்கள். 30 சதவிகிதமாக இருந்த சாவு, 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். மறு வருடம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

இந்தக் கரைசலின் சூட்சுமம், குடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டுதான் உள்ளே போகின்றன என்பது. 1960-ல் ராபர்ட் கிரேன் இதை எடுத்துச் சொன்னார். பேதி ஆகிறபோதும் இந்த ஒரு கதவு மட்டும் திறந்தே இருக்கும். அவை உள்ளே போனால், பின்னாலேயே தண்ணீரும் போகும். குளுக்கோஸ் இல்லாத உப்புத் தண்ணீரும் சரியாகப் போகாது. உப்பு இல்லாத சர்க்கரைத் தண்ணீரும் போகாது. முதலில் இருந்த கரைசலின் துகள் கணக்கு 311. அதையே இன்னும் குறைத்து 245 ஆக்கினால் பேதியும் வாந்தியும் குறைகிறது என்று தெரிந்து, 2002-ல் உலக சுகாதார நிறுவனம் மாற்றிவிட்டது. 311-க்கும் 245-க்குமே வித்தியாசம் பார்த்திருக்கிறார்கள்! நாம் டம்ளரில் உப்பைக் கொட்டிவிட்டு “அதனால என்ன?” என்கிறோம்.

தவறு நடக்கிற இடங்களைச் சொல்கிறேன். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை, “மொத்தமா கலந்தா வீணாயிடும்” என்று ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது அதிகம் நடக்கிறது. 200 மில்லியில் ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் துகள் கணக்கு ஐந்து மடங்கு, 1200-ஐத் தாண்டும். கடல் தண்ணீரைவிட அதிகம்! குழந்தைக்கு அதைக் கொடுத்தால் சோடியம் ஏறி, தூக்கக் கலக்கம், வலிப்பு வரை போகலாம். இன்னொன்று, ஒரு பொட்டலத்தில் பாதியைக் கொட்டிவிட்டு மீதியை மடித்து வைப்பது. பாதியில் உப்பு எவ்வளவு, குளுக்கோஸ் எவ்வளவு வந்தது என்று யாருக்குத் தெரியும்? மூன்றாவது, “கசக்குது, குடிக்க மாட்டேங்குறான்” என்று கூடச் சர்க்கரை போடுவது. பாலிலோ ஜூஸிலோ கரைப்பதும் அதே ரகம்தான்.

பொட்டலம் கிடைக்காத ராத்திரியில் என்ன செய்வது? காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் சரியாக ஒரு லிட்டர். டீ ஸ்பூனால் தலை தட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை. தலை தட்டி அரை ஸ்பூன் உப்பு. இவ்வளவுதான். குவியலாக ஒரு ஸ்பூன் உப்பு போட்டால், அந்த லிட்டர் தண்ணீரின் சோடியம் ஏறத்தாழ சலைன் பாட்டிலுக்குச் சமமாகிவிடும். தலை தட்டுவதற்குக் கத்தியின் முதுகைப் பயன்படுத்துங்கள். விரலால் கிள்ளிப் போடுகிற ‘சிட்டிகை’ ஆளுக்கு ஆள் மாறும். மாமியார் சிட்டிகை வேறு, மருமகள் சிட்டிகை வேறு!

நம் பாட்டிமார் கொடுத்த நொய்க்கஞ்சியை இங்கே மறக்கக் கூடாது. கஞ்சியில் இருக்கிற மாவுச்சத்து ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் சேர்ந்த பெரிய சங்கிலி. துகள் கணக்கில் அத்தனை பெரிய சங்கிலியும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். அதனால் கெட்டியாகத் தெரிந்தாலும் கஞ்சி தண்ணீரை இழுப்பதில்லை. குடலுக்குள் மெதுவாக உடைந்து உடைந்து குளுக்கோஸைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அளவாக உப்புப் போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சியை ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ்.ஸுக்குத் துணையாக! இளநீரும் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. பேதியில் அதிகம் போவது சோடியம். ஆகவே இளநீரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்குக் கோபம் வருகிற விஷயம். மருந்துக் கடையில் “ஓ.ஆர்.எஸ். குடுங்க” என்று கேட்டால், ஆரஞ்சு, ஆப்பிள் படம் போட்ட அட்டைப் பெட்டிப் பானத்தை எடுத்து நீட்டினார்கள் பல வருடமாக. பெயரிலேயே ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளை ஒட்டிக்கொண்டு, ‘இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஓ.ஆர்.எஸ். அல்ல’ என்று ஒரு ஓரத்தில் சின்னதாக அச்சடித்தால் போதும் என்று 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அனுமதி கொடுத்திருந்தது. அந்தச் சின்ன எழுத்தை, பேதியாகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் படிப்பாள்? ஹைதராபாத்தின் குழந்தை நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் விடாமல் போராடினார். கடைசியில் 2025 அக்டோபரில் ஆணையம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்று, பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளே கூடாது என்று சொல்லிவிட்டது.

பெயரை எடுத்துவிட்டால் பழக்கம் போய்விடுமா? “டேஸ்ட்டா இருக்கு, புள்ள குடிக்குது” என்று அதே பானத்தை வேறு பெயரில் வாங்குகிறவர்கள் இருப்பார்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 100 மில்லியில் சர்க்கரை எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். சரியான ஓ.ஆர்.எஸ்.ஸில் அது 1.35 கிராம். பழச்சாற்றுப் பானங்களிலும் கோலாக்களிலும் 10, 11 என்று இருப்பது சாதாரணம். துகள் கணக்கும் இரத்தத்தினுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். சோடியமோ பெயருக்குத்தான். ஆரோக்கியமாக இருக்கிற பையன் பிறந்தநாளில் குடிப்பது அவன் வீட்டு விவகாரம். பேதியாகிற குழந்தைக்கு அது மருந்து என்று சொல்லி விற்றதைத்தான் நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

ஓ.ஆர்.எஸ். கொடுக்கும்போது அவசரப்படாதீர்கள். ஸ்பூன் ஸ்பூனாக, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை பேதியான பிறகும் 50-ல் இருந்து 100 மில்லி. அதற்கு மேல், பத்து வயது வரை 100-ல் இருந்து 200 மில்லி. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், அதுவும் தேவை. ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் உள்ளே போய்விட்டது, துவண்டு கிடக்கிறது, மலத்தில் இரத்தம், குடித்ததெல்லாம் வாந்தி – இதில் எது இருந்தாலும் என்னிடம்கூட வர வேண்டாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்றைக்கே கடைக்குப் போய் நாலு பொட்டலம் வாங்கி வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். ‘உலக சுகாதார நிறுவன ஃபார்முலா’ என்றும், மொத்தக் கணக்கு 245 என்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு தண்ணீருக்கான பொட்டலம் என்பதையும் படியுங்கள். 200 மில்லிக்கும் வருகிறது, ஒரு லிட்டருக்கும் வருகிறது. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்குச் சின்னப் பொட்டலம் வசதி. கூடவே, அளவு தெரிந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி அந்தப் பொட்டலங்களின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்குத் தேட வேண்டாம். கலந்த கரைசல் 24 மணி நேரத்துக்குத்தான். மீதி இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.